அலமாரிக்குள் இன்னும் ஒருவர் இருக்கிறார்

வெர்னா ஹால்வர்சனோடு நான் முதன்முதலில் பேசியதே சண்டைதான். அதுவும் ஒரு சாண்ட்விச்சுக்காக. படப்பிடிப்புக்காக மேசைமேல் நான் வைத்த சாண்ட்விச்சை உற்றுப் பார்த்தாள். பிறகு தன் நோட்டைப் புரட்டினாள்.

“நேத்து ரெண்டு கடிதான் கஸ். அதுவும் இடது பக்கம்.”

“ஒரு கடி கூடிப்போச்சுன்னா உலகம் முழுகிடுமா?”

“முழுகாது. ஆனா படத்துல ஹீரோ வாயே வைக்காம பேசிட்டிருப்பாரு, சாண்ட்விச் மட்டும் தானா தேஞ்சுபோகும்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பதினோரு வருஷமாக செட்டுக்குச் சாமான் எடுத்து வைக்கிறவன் நான். நேற்று வந்தவள் எனக்குக் கடிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். ஆனாலும் புதிதாக ஒன்று செய்து, அவள் கண்ணெதிரே, இடது பக்கமாக இரண்டு கடி கடித்து வைத்தேன். அவள் நன்றி சொல்லவில்லை. நோட்டில் ஒரு டிக் போட்டுவிட்டுத் தன் முக்காலிக்குப் போய்விட்டாள்.

கன்டினியூட்டி பார்ப்பது அவள் வேலை. படத்தை வரிசையாக எடுப்பதில்லை. கல்யாணத்தை முதல் வாரம் எடுப்போம், காதலை மூன்றாம் வாரம் எடுப்போம். நடுவில் யார் எந்தக் கையில் தொப்பி வைத்திருந்தார், எந்தக் கதவு வழியாகப் போனார், ஒரு வசனத்துக்கு எத்தனை வினாடி ஆனது என்று எல்லாவற்றையும் ஒருவர் எழுதி வைக்காவிட்டால் படம் கந்தலாகிவிடும். எழுதி வைக்கிறவரின் பெயர் மட்டும் திரையில் வராது. எங்கள் கொரோனெட் நிறுவனத்தில் காவலாளிக்குக்கூட ஒரு அறை இருந்தது. வெர்னாவுக்கு இருந்ததெல்லாம் ஒரு முக்காலி, ஒரு ஸ்டாப் வாட்ச், சீவிய பென்சில் நாலு.

அவள் மினசோட்டாக்காரி. அவளுடைய அப்பா அங்கே ஒரு சின்ன ரயில் நிலையத்தில் நிலைய அதிகாரியாக இருந்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திமூன்றில் அவருக்கு வேலை போய்விட்டது. அதற்குப் பிறகு ஹாலிவுட்டிலிருந்து இவள் அனுப்புகிற பணத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. ஒருத்தருக்கு வேலை போனால் அந்த இடத்துக்கு வாசலில் நூறு பேர் நிற்கும் காலம் அது. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் அவள் செய்ததைச் செய்தாள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முப்பத்தாறில் நியூயார்க் மேடையில் அறுநூறு நாள் ஓடிய ஒரு கலாட்டா நாடகத்தை எங்கள் நிறுவனம் வாங்கியது. ஒரே வீடு, ஐந்து கதவு, ஒரு பெரிய துணி அலமாரி. விவாகரத்து வாங்கப் போகிற ஒரு பணக்காரப் பெண், அவளை விடமுடியாத கணவன், அவளைக் கட்டிக்கொள்ளத் துடிக்கிற இன்னொருவன். ஒருவன் போனால் ஒருவன் வருவான், எல்லாரும் பொய் சொல்வார்கள், கடைசியில் கணவனும் மனைவியும் சேர்ந்துவிடுவார்கள். இடையில் ஒரு இன்ஷூரன்ஸ்காரர், பாவம், ஒரு கையெழுத்து வாங்க வருவார். கணவன் கதவைத் தட்டும் சத்தம் கேட்டதும் அந்தப் பெண் அவரைப் பிடித்து அலமாரிக்குள் தள்ளிவிடுவாள்.

அந்த இன்ஷூரன்ஸ்காரர் வேடத்துக்கு, மேடையில் அதைச் செய்த ஆம்ப்ரோஸ் டல்லியையே அழைத்து வந்தார்கள். அறுபது வயது, மெலிந்த தேகம். அப்படி ஒரு மரியாதைக்காரர், நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பார். இயக்குநர் கிரிகரி லாஸ்கர் அவருக்கு நேர் எதிர். அவருக்குத் தெரிந்தது ஒரே வார்த்தைதான், ‘வேகம்’. ஒருவர் பேசி முடிப்பதற்குள் மற்றவர் பேச வேண்டும். யாராவது மூச்சு விட்டால் விரலைச் சொடுக்குவார்.

நாயகனுக்கு வேறு படம் காத்திருந்ததால் முடிவுக் காட்சியை முதல் வாரமே எடுத்துவிட்டோம். கணவனும் மனைவியும் முத்தமிடுகிறார்கள், பின்னால் அந்த அலமாரி நிற்கிறது, படம் முடிகிறது. இரண்டாம் வாரம் டல்லியை அலமாரிக்குள் தள்ளினோம். அவர் வெளியே வரும் காட்சியை நாலாம் வாரத்துக்கு வைத்திருந்தோம்.

மூன்றாம் வாரம் தணிக்கை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மேடையில் அந்த மனிதர் வெளியே வரும்போது கதாநாயகியின் பட்டு அங்கியைப் போட்டுக்கொண்டு வருவார். கால்சட்டை இருக்காது. அலமாரிக்குள் அவர் ஏன் உடை மாற்றினார் என்று என்னைக் கேட்காதீர்கள், நாடகம் எழுதியவனைக் கேளுங்கள். இது கூடாது என்று கடிதத்தில் இருந்தது. எங்கள் தயாரிப்பாளர் ப்ரோடர் கடிதத்தின் முதல் வரியைப் படித்ததுமே நடுங்கிப்போய் அந்தக் காட்சியையே தூக்கிவிட்டார். மூன்று நிமிஷம் மிச்சமென்று லாஸ்கருக்கும் சந்தோஷம். எங்களுக்கும் ஒரு நாள் வேலை மிச்சம். எல்லாரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை வெர்னா லாஸ்கரின் நாற்காலிக்கு முன்னால் நோட்டோடு நின்றாள். ஐந்து கதவுக்கும் அலமாரிக்கும் அதில் தனிப் பக்கம் வைத்திருந்தாள். உள்ளே போனவர் பெயருக்கு எதிரே அவர் வெளியே வந்த காட்சி எண்ணை எழுதுவாள்.

“மிஸ்டர் லாஸ்கர், டல்லி அலமாரிக்குள்ளயே இருக்காரு.”

“யாரும்மா இருக்கா? அதோ அங்க உக்காந்து டோனட் தின்னுட்டிருக்காரே.”

“கதையில சொல்றேன் சார். உள்ள போனாரு. வெளிய வரல. படம் முடிஞ்சிடுது.”

லாஸ்கர் ஒரு கணம் யோசித்தார். ஒரே கணம்தான். “வெர்னா கண்ணு, இந்தப் படம் ஓடுற ஓட்டத்துல எவனும் ஆளை எண்ணிட்டு உக்காந்திருக்க மாட்டான்.”

“எண்ண மாட்டாங்க சார். ஆனா காத்திருப்பாங்க.”

“எதுக்கு?”

“கதவு திறக்கிறதுக்கு. எங்க அப்பா ஸ்டேஷன்ல ஒத்தை லைன். ஒரு வண்டியை ஓரமா நிறுத்தினா, அது கிளம்பிப் போற வரைக்கும் அவருக்குச் சோறு இறங்காது.”

“இது ரயில்வே இல்லம்மா, சினிமா. போய் உக்காரு.”

அவள் போய் உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரத்தில் எழுந்து ப்ரோடரின் அறைக்குப் போனாள். அவருக்கு வயிற்றுப்புண், எப்போதும் கையில் ஒரு டம்ளர் பால் இருக்கும். பால் டம்ளரை வைக்காமலே அவளை வெளியே அனுப்பினார். தணிக்கைக்காரர்கள் வேண்டாமென்றால் வேண்டாம்தான், அவர்களோடு மல்லுக்கு நிற்க அவரால் ஆகாது. நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“ஏன் வெர்னா, உனக்கென்ன தலையெழுத்தா? படம் ஊத்திக்கிட்டா அவங்க பேரு கெடும். உன் பேரு எங்க இருக்கு, கெடுறதுக்கு?”

“அதான் கஸ். என் பேரு எங்கயும் இல்ல. நோட்டுதான் இருக்கு. அதுல ஓட்டை விழுந்திருக்கு.”

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் எங்கே போனாள் தெரியுமா? நேராக அந்தத் தணிக்கை அலுவலகத்துக்கு. இரண்டு வருஷமாக எங்கள் ஊரில் எல்லாரும் பெயரைச் சொல்லவே பயந்த இடம். யாரும் அதன் படியேறி ஒரு கேள்வி கேட்டதில்லை. கடிதம் வரும், கத்தரி எடுப்போம், அவ்வளவுதான். இவள் போய் முகப்பு மேசையில் இருந்தவரிடம் கேட்டிருக்கிறாள். “அந்த ஆளு கோட்டு, கால்சட்டை, தொப்பி எல்லாம் போட்டுட்டு வெளிய வந்தா உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?”

அவர் கோப்பை எடுத்துப் பார்த்தாராம். “எங்களுக்கு அங்கிதான் ஆட்சேபம். கால்சட்டை போட்ட மனுஷன் அலமாரியிலேருந்து வந்தா எங்களுக்கென்ன? அவரை உள்ளயே வெக்கச் சொல்லி நாங்க எப்ப எழுதினோம்?”

அதை அப்படியே ஒரு தாளில் எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கமாக இருந்தது. கடிதத்தை முழுக்கப் படிக்க எங்களில் ஒருவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

தாளைப் பார்த்த பிறகும் இரண்டு ஆண்பிள்ளைகளும் இறங்கி வரவில்லை. வந்தால் கௌரவம் என்ன ஆவது? லாஸ்கருக்குத் தன் முத்தக் காட்சியோடு படம் முடிய வேண்டும். ப்ரோடருக்குச் சனிக்கிழமை மதியம் செட்டைப் பிரித்தாக வேண்டும், அடுத்த படத்துக்காரர்கள் காத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை எங்கள் எல்லார் முன்னாலும் ப்ரோடர் வெடித்தார்.

“ஜனங்க கேப்பாங்க, கேப்பாங்கங்கிறியே. பொமோனா ஊர்ல ஜனங்களுக்கு முன்கூட்டியே படத்தைப் போட்டுக் காட்டப் போறோம். படம் முடிஞ்சதும் அவங்க எழுதித் தர்ற கருத்து அட்டையில எத்தனை பேரு அந்த ஆளைக் கேப்பான், சொல்லு பாப்போம். பத்து பேரு கேப்பானா?”

“கேப்பாங்க.”

“கேக்கலேன்னா?”

“நான் வேலையை விட்டுடறேன். ஆனா அந்த ஷாட்டை நாளைக்கே எடுத்து வெச்சிடணும் சார். அப்புறம் செட்டு இருக்காது.”

நான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டாள். லாஸ்கர்தான் முதலில் சிரித்தார். “சரி. ரெண்டு நிமிஷம் தர்றேன், ஒரே டேக். உன் வாயை அடைக்கிறதுக்குத்தான் எடுக்கிறேன். பத்து அட்டை வர்ற வரைக்கும் அது டப்பாவுல தூங்கும்.”

டல்லியின் ஒப்பந்தம் வியாழனோடு முடிந்துவிட்டிருந்தது. சனிக்கிழமை காலை அவர் டிராமில் வந்தார், சொந்தக் கால்சட்டையோடு. தச்சர்கள் சுத்தியலோடு சுவரோரம் நின்றார்கள். நாயகன் நாயகி இல்லை, ஆளில்லாத அறை. கேமரா ஓடியது. அலமாரிக்குள்ளிருந்து மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது. உள்ளே இருப்பவர் அனுமதி கேட்கிறார்! யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடி தட்டினார். கதவு திறந்தது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு டல்லி வாசலில் நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

லாஸ்கர் காற்றில் விரலைச் சொடுக்கிக்கொண்டே இருந்தார், சத்தம் வராமல். அறுநூறு நாள் மேடைப் பழக்கம் டல்லிக்கு. அந்த இடத்தில் ஜனங்கள் சிரிப்பார்கள், அடங்கும்வரை நிற்க வேண்டும். இங்கே சிரிக்க யாரும் இல்லை, ஆனாலும் நின்றார். பிறகு ஒழுங்காக அறையைக் கடந்து, கையெழுத்தில்லாத பத்திரத்தை மேசைமேல் வைத்து, காலி நாற்காலிகளுக்குத் தலை வணங்கி, “தேநீர் ரொம்ப நல்லா இருந்ததுங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். படம் முழுக்க அவருக்கு யாரும் தேநீர் கொடுக்கவில்லை.

“கல்லு மாதிரி நிக்கிறாரே அந்த ஆளு!” என்று லாஸ்கர் கத்தினார்.

“ஆறு வினாடி,” என்றாள் வெர்னா. “அதை வெட்டாதீங்க சார்.” பேசி முடிப்பதற்குள் தச்சர்கள் சுவரைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை பொமோனாவுக்குப் போனோம், மூன்று மணிக் காட்சிக்கு. வேறொரு படத்துக்கு வந்த ஜனங்களுக்கு எங்கள் படத்தையும் சேர்த்துப் போட்டுக் காட்டுவார்கள். ஆரஞ்சுத் தோட்டத்துக்காரர்கள், கல்லூரிப் பெண்கள், குழந்தையோடு வந்த தாய்மார்கள் என்று அரங்கு நிறைந்திருந்தது. வெர்னா கடைசி வரிசையில் ஸ்டாப் வாட்சோடு உட்கார்ந்தாள், நான் பக்கத்தில். டல்லியை அலமாரிக்குள் தள்ளியபோது அரங்கு அதிர்ந்தது. அதற்குப் பிறகும் அந்த ஓட்டத்துக்குச் சிரிப்பு குறையவில்லை. இவ்வளவு நல்ல படத்தில் அந்த ஆளை யார் நினைப்பார்கள்?

முத்தம் வந்தது. சிரிக்கும் இடமே இல்லை அது. நாயகி கண் கலங்கி நிற்கிறாள். முன் வரிசையில் ஒரு ‘களுக்’. பிறகு இன்னொன்று. பிறகு அரங்கு முழுக்க அடக்க முடியாமல் சிரித்தது. எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. வெர்னா கேள்வியைக்கூடக் கேட்கவிடாமல் திரையைக் காட்டினாள். முத்தமிடுகிறவர்களின் தலைக்குப் பின்னால் மூடின அலமாரி நின்றுகொண்டிருந்தது.

வாசலில் ப்ரோடர் அட்டைகளை எண்ணினார். பிறகு வெர்னாவிடம் கொடுத்து எண்ணச் சொன்னார், அவள் எண்ணினால்தான் சரியாக இருக்கும் என்று. ‘அருமை’, ‘நாயகி உடை பிரமாதம்’, ‘பாப்கார்ன் சரியில்லை’. அலமாரிக்காரரைக் கேட்டது நாலே நாலு பேர்.

“நாலு,” என்றாள் வெர்னா. குரல் இறங்கவில்லை. “மிஸ்டர் லாஸ்கர், இன்னொண்ணும் இருக்கு. உங்க முத்தத்துக்குப் பதினோரு வினாடி சிரிச்சாங்க.”

லாஸ்கர் முகம் வெளிறிப்போனது. அவரும் அந்தச் சிரிப்பைக் கேட்டிருந்தார். அந்த முத்தம் அவர் செல்லப் பிள்ளை. “என்னைப் பார்த்தா சிரிச்சானுங்க?”

“உங்களைப் பார்த்து இல்ல சார். கதவைப் பார்த்து. அதைத் திறந்துவிட்டா முத்தத்தை நிம்மதியா பார்ப்பாங்க. அலமாரி தெரியாத குளோஸப் ஒண்ணு இருக்கு, முதல் நாள் எடுத்த மூணாவது டேக். முத்தத்துக்கு அதைப் போடுங்க. அது முடிஞ்சதும் டல்லி வரட்டும்.”

லாஸ்கர் எடிட்டரைப் பார்த்துத் தலையசைத்தார். ப்ரோடருக்கும் மனசு இளகிவிட்டது. “சரிம்மா, நீ சொன்னதுதான் சரி. அட்டையெல்லாம் மறந்துடு. திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடு.”

“பத்துன்னு ஒத்துக்கிட்டேன் சார். நாலுதான் வந்திருக்கு.”

“அதான் மறந்துடுன்னு சொல்றேனே!”

“நீங்க மறந்துடலாம். நான் சொன்ன சொல்லு சார் அது.” நோட்டை அவர் கையில் கொடுத்தாள், ஸ்டாப் வாட்சையும் கொடுத்தாள். அது நிறுவனத்துடையது.

திரும்பி வரும் வழியெல்லாம் காரில் நான் அவளைத் திட்டினேன். “பைத்தியமா உனக்கு? ஜெயிச்சுட்டு எவளாவது வேலையை விடுவாளா? மினசோட்டாவுல உங்க அப்பா காத்தையா குடிப்பாரு?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அழுகிறாள் என்று தெரிந்தது. “இன்னிக்கு நாலைப் பத்துன்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கு நான் பதினோரு வினாடின்னு சொல்றதை யாரு கஸ் நம்புவா?” என்றாள். அதற்குப் பிறகு என்னால் திட்ட முடியவில்லை. கோபம் மட்டும் இறங்கவில்லை.

வைன் தெருவில் ஒரு மருந்துக்கடையில், காபியும் சாப்பாடும் விற்கிற கவுன்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். வேறு நிறுவனம் எதிலும் இடமில்லை. அப்பாவுக்கு அனுப்புவதை நிறுத்தாமலிருக்க அவள் தினமும் ஒரு வேளைதான் சாப்பிட்டாள் என்பதைக் கடை முதலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

படம் வெளியானபோது அவளை வலுக்கட்டாயமாக மதியக் காட்சிக்கு இழுத்துப் போனேன், வேலை உடுப்போடேயே. முத்தத்துக்கு யாரும் சிரிக்கவில்லை, இரண்டொருவர் மூக்கைச் சிந்தினார்கள். பிறகு ஆளில்லாத அறை. உள்ளிருந்து தட்டும் சத்தம். அரங்கில் ஒரு பெரிய மூச்சு எழுந்தது. கதவு திறந்து டல்லி நின்றாரே, அந்த ஆறு வினாடி போதவில்லை. ஜனங்கள் கை தட்டினார்கள், காலால் தரையை உதைத்தார்கள், தேநீர் வசனம் யார் காதிலும் விழவில்லை. வெர்னாவின் மறுபக்கம் இருந்த ஒரு பருத்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பாடா! அந்த மனுஷனை நினைச்சு நினைச்சு எனக்குப் படமே ஓடலீங்க,” என்றார்.

“எனக்கும்தாங்க,” என்றாள் வெர்னா.

அதற்கு இரண்டு வாரம் கழித்து நான் அவள் கவுன்டரில் கேக் தின்றுகொண்டிருந்தபோது லாஸ்கர் உள்ளே வந்தார். கொரோனெட்டை விட்டுவிட்டு வேறொரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

“வெர்னா, புதுப் படம். திங்கக்கிழமை ஆரம்பிக்கிறேன். நீ இல்லாம ஆரம்பிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்.”

“ஏன் சார்? அந்த ஆறு வினாடி உங்களோடதுன்னு பேப்பர்ல எழுதியிருக்காங்களே.”

லாஸ்கர் நெளிந்தார். “எழுதியிருக்காங்க. நானும் இல்லைன்னு சொல்லல. என்னைச் சுத்தி இருக்கிறவங்க எல்லாரும் எனக்குப் பிடிச்ச நம்பரைத்தான் சொல்றாங்கம்மா. நாலுங்கிறதை நாலுன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போனது நீ ஒருத்திதான்.”

அவள் ஒரு கோப்பையைக் கழுவித் துடைத்து வைத்தாள். “கதவு எத்தனை?”

“ஒன்பது.”

“வர்றேன். ஆனா மூணு மணி வரைக்கும் இங்க வேலை இருக்கு. முடிச்சுட்டுத்தான் பேச முடியும்.”

அப்போது மணி ஒன்றே கால். லாஸ்கர் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒரு காபி சொன்னார். மூன்று மணி வரை அவர் ஒருமுறைகூட விரலைச் சொடுக்கவில்லை.